திரை சொன்ன நல்ல பொய்

முதுமை எய்திய பேராசிரியர் ஒருவர் தேநீர் மேசைமுன் அமர்ந்திருக்கிறார். நடையிலே தயக்கம், பார்வையிலே கூச்சம். அடுத்த மேசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, தம் எழுதுகோலை அவர்முன் வைத்து, தலைதாழ்த்திச் செல்கிறார். மற்றொருவர் வருகிறார், இன்னொருவர் வருகிறார். மேசை எழுதுகோல்களால் நிறைகிறது. கொட்டகை விம்மலால் நிறைகிறது. நாமும் கண் கலங்கினோம், மறைப்பானேன்?

அமெரிக்க நாட்டுப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலே நடப்பதாகக் காட்டப்படும் அந்தச் சடங்கு, அங்கே எந்நாளும் இருந்ததில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம். அதற்காகச் சினம் கொள்ளவில்லை. அறிஞன் ஒருவனுக்கு உலகம் செலுத்தும் மதிப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்ட எழுதுகோல் நான்கைக் கடன் வாங்கினால் குடி முழுகிவிடாது. ஆனால் அந்தக் காட்சிக்குச் சற்று முன்பாக, அதே முதியவரின் வாயிலே ஒரு வரி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரிதான் நம்மை இதை எழுத வைத்தது. அதற்கு வருமுன் படத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

உளநோய்க்குக் காரணம் யாது என்று நம் ஊர்களிலே கேட்டால், நெடுங்காலம் கிடைத்த விடை ஒன்றே: பேய். விடைக்கேற்ற மருத்துவமும் ஆயத்தமாக இருந்தது: வேப்பிலை, உடுக்கை, சாட்டை, சங்கிலி. அந்த மடமையை மேடைதோறும் சாடிப் பழகிய நம் இளைஞர்கள், மேலைநாட்டுப் படமொன்று உளநோயாளியின் உண்மை வரலாறு என்ற அறிவிப்போடு வரும்போது, ஆர்வத்தோடு செல்கிறார்கள். அறிவியல் வளர்ந்த நாடு; ஆராய்ந்து எடுத்திருப்பார்கள்; உள்ளதை உள்ளபடி காட்டுவார்கள் என்ற நம்பிக்கை. சென்று பார்த்தால் அங்கேயும் ஒரு பூசாரி நிற்கிறார். அவர் கையிலே வேப்பிலை இல்லை, வயலின் இருக்கிறது!

1956ஆம் ஆண்டில் வின்சென்ட் மினெல்லி இயக்கிய 'லஸ்ட் ஃபார் லைஃப்' படத்தைப் பாருங்கள். ஓவியர் வான்கோவாகக் கிர்க் டக்ளஸ் நடித்தார்; நன்றாகவே நடித்தார். இறுதியிலே கோதுமை வயல், மேலே காக்கைக் கூட்டம், தூரிகை பிடித்த கை துடிக்கிறது, ஓவியம் கருக்கிறது, அத்தோடு வாழ்வும் முடிகிறது. பித்து முற்றியது, கலை பிறந்தது, கலைஞன் மாய்ந்தான் என்று பாடம் சொல்லித் தருகிறது படம். வரலாறு வேறு. காக்கை பறக்கும் வயல் அவருடைய கடைசி ஓவியம் அன்று. மரவேர்களை வரைந்த ஓவியமே கடைசி என்று ஆய்ந்தோர் காட்டியுள்ளனர். சென்ட் ரெமி மனநோய் விடுதியில் 1889 மே முதல் ஓராண்டு இருந்தபோது ஏறத்தாழ 150 ஓவியங்கள் தீட்டினார் வான்கோ. நோய் கடுமையாகத் தாக்கிய நாட்களிலோ, வாரக்கணக்கில் வேலையே நடக்கவில்லை. நோய் வரைந்த படங்கள் அல்ல அவை. நோய் விட்ட இடைவேளையிலே மனிதன் வரைந்தவை. சாமி வந்தவன் வாக்குத்தான் மெய்வாக்கு என்பது நம்மூர் மூடநம்பிக்கை. பித்துப் பிடித்தவன் கைதான் கலைக்கை என்பது அவர்கள் ஊர் மூடநம்பிக்கை. இரண்டுக்கும் இடையே தொலைவு அதிகமில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உளநோயைப் படமெடுப்பது எளிதன்று. மனச்சோர்வு கொண்ட ஒருவன் விடிந்ததும் எழ மாட்டான். எழுந்தால் உண்ண மாட்டான். உண்டால் பேச மாட்டான். நாள் முழுதும் சுவரைப் பார்த்திருப்பான். அதை அப்படியே காட்டினால் சீட்டு விற்குமா? ஆகவே புயலைத் தேடுகிறார்கள், கண்ணாடி உடைவதைத் தேடுகிறார்கள், உருவம் தோன்றி மறைவதைத் தேடுகிறார்கள். அதுவரை நாம் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்துக்கு வருவோம். அழகிய உள்ளம் என்பது பெயரின் பொருள். 2001ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. ரான் ஹோவர்ட் இயக்க, அகிவா கோல்ட்ஸ்மன் திரைக்கதை எழுத, ரஸ்ஸல் குரோ நடித்தார். சிறந்த படம் என்பது உட்பட நான்கு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. கணித மேதை ஜான் நாஷ் அவர்களின் வாழ்க்கை. 1950இல், முப்பது பக்கம்கூட இல்லாத ஆய்வேட்டால் டாக்டர் பட்டம் பெற்றவர். அந்த ஆய்வின் பயனாக 1994இல் மற்ற இருவரோடு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே மனச்சிதைவு நோய் அவர் வாழ்வின் பெரும்பகுதியை விழுங்கியது. நோய் வெளிப்பட்டது 1959இல். அப்போது அகவை முப்பது.

படத்திலே நாஷின் கண்முன் மூன்று பொய்யுருவங்கள் வருகின்றன: கல்லூரித் தோழன் ஒருவன், சிறுமி ஒருத்தி, அரசின் ஒற்றன் ஒருவன். உண்மையிலே அவருக்கு உருவங்கள் தெரியவில்லை. குரல்கள்தாம் கேட்டன, அவையும் நோய் வந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னர். குரலைப் படமெடுக்க முடியாது, உருவத்தை எடுக்க முடியும், சரி, மன்னித்தோம். ஆனால் அவருடைய மயக்க நம்பிக்கைகளையும் அல்லவா மாற்றியிருக்கிறார்கள்! நியூயார்க் டைம்ஸ் நாளேட்டிலே வேற்றுலகத்தார் தமக்கு மறைமொழியில் செய்தி அனுப்புவதாக எண்ணினார் உண்மை நாஷ். அண்டார்டிகாவுக்குப் பேரரசராகப் போகிறேன் என்று சொல்லிப் பேராசிரியர் பதவியை மறுத்தார். ஐரோப்பா சென்று, அமெரிக்கக் குடியுரிமையே வேண்டாம் என்று துறக்க முயன்று அலைந்தார். திரை நாஷோ, ரஷ்யர்களின் சதியை முறியடிக்க அமெரிக்கப் படைத்துறைக்காக மறைமொழியை உடைக்கிறார். பித்துப் பிடித்தாலும் நாட்டுப்பற்று மட்டும் தெளிவாக இருந்தாக வேண்டும் என்று படமுதலாளிகள் கருதினர் போலும்!

அடுத்து, மனைவி அலிசியா. 1957இல் மணம், 1963இல் மணவிலக்கு. 1970இல், சட்டப்படி தமக்கு யாருமல்லாத அந்த நோயாளியைத் தம் வீட்டிலே தங்கவைத்துக்கொண்டார் அந்த அம்மையார். 2001இல் மீண்டும் மணம் செய்துகொண்டனர். எல் சல்வடோர் நாட்டில் பிறந்து, இயற்பியல் படித்து, தாமே வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கிய பெண். பிரிந்ததும் அவர் முடிவு, ஏற்றதும் அவர் முடிவு. இந்த வரலாற்றிலே எத்துணை மானமும் எத்துணை மனிதத்தன்மையும் இருக்கின்றன! படமோ மணவிலக்கை அடியோடு மறைத்தது. கணவன் எப்படிப்பட்டவன் ஆயினும் கைவிடாத பத்தினியாக்கிக் காட்டியது. நளாயினி கதையை நாம் இந்நாட்டிலே எள்ளி நகையாடி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. கூடையைத் தலையிலிருந்து இறக்கிவைத்துவிட்டு அந்த நளாயினி கப்பலேறிப் போய் ஆஸ்கார் வாங்கி வந்துவிட்டாள். வேடமேற்ற ஜெனிஃபர் கானலிக்குத்தான் அந்த ஆண்டு சிறந்த துணைநடிகைப் பரிசு. அவர் நடிப்பில் குறையில்லை. குறை, எழுதித் தந்த வேடத்தில்.

நோபல் மேடையிலே திரை நாஷ் ஆற்றும் உரை இருக்கிறதே, அது நம்மைப் போன்றோர் கட்டாயம் கவனிக்க வேண்டியது. வாழ்நாளெல்லாம் தருக்கத்தைத் தேடினேன், கடைசியில் அது அன்பின் கணக்கிலேதான் கிடைத்தது என்ற கருத்துப்பட மனைவியைப் பார்த்துக் கூறுகிறார். மண்டபம் எழுந்து நிற்கிறது. உண்மை நாஷ் அப்படியொரு உரையை ஆற்றவே இல்லை. நோபல் குழுவுக்காக அவர் எழுதித் தந்த தன்வரலாற்றுக் குறிப்பில் இருப்பது முற்றிலும் வேறு. தம்மைப் பற்றியிருந்த மயக்க எண்ணங்கள் சிலவற்றை அறிவைக்கொண்டே ஆராய்ந்து, வீண் என்று கண்டு, சிறிது சிறிதாகத் தள்ளியதாகச் சொல்கிறார். அத்தோடு நில்லாமல், பகுத்தறிவுக்குத் திரும்பியது முழு மகிழ்ச்சியைத் தரவில்லை என்றும், அண்டத்தோடு தனக்குள்ள உறவைப் பற்றி மனிதன் கொள்ளும் எண்ணத்துக்கு அறிவு ஓர் எல்லை கட்டிவிடுகிறது என்றும் எழுதுகிறார். எவ்வளவு நேர்மையான சொல்! பேரரசன் என்ற எண்ணத்தை இழந்து சாதாரண மனிதனாவதிலே ஒரு துயரம் உண்டு என்பதை மறைக்காமல் சொல்கிறார். நோயாளியே எழுதி வைத்த இந்த உண்மையை விட்டுவிட்டு, வாழ்த்து அட்டையிலே அச்சிடத் தக்க வரியொன்றை அவர் வாயில் திணித்தது படம்.

இங்கே நாமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பகுத்தறிவால் மனச்சிதைவு நீங்கும் என்று நாம் முழங்கத் தொடங்கினால், அதுவும் ஒரு மந்திரம் ஆகிவிடும். சிலருக்கு அகவை ஏற ஏற நோய் தணிகிறது, பலருக்குத் தணிவதில்லை. நாஷுக்குத் தணிந்தது. அவருக்கு ஓர் அமைதியான வீடு இருந்தது. கரும்பலகைகளில் ஏதேதோ எழுதிவிட்டுப் போகும் அவரை 'ஃபைன் ஹாலின் ஆவி' என்று மாணவர்கள் கேலி பேசினாலும் துரத்தியடிக்காத ஒரு பல்கலைக்கழகம் இருந்தது.

இப்போது அந்த வரி. நோபல் குழுவின் சார்பில் வந்தவரிடம், தாம் புதுவகை மருந்துகள் உட்கொண்டு வருவதாகத் திரை நாஷ் கூறுகிறார். உண்மை நாஷ் 1970க்குப் பிறகு மருந்து உட்கொள்ளவே இல்லை. அவரே பலமுறை சொன்னது இது. பின் ஏன் மாற்றினார்கள்? படம் பார்க்கும் நோயாளிகள், நாஷ் நிறுத்தினாரே, நாமும் நிறுத்துவோம் என்று மருந்தைக் கைவிட்டுவிடக் கூடாதே என்ற அச்சத்தால்தான்.

இதைப் பற்றி நண்பர்களிடையே பேச்சு எழுந்தபோது நாம் முதலில் பொய்யின் பக்கமே நின்றோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நோயாளிக்கு உயிர் முக்கியமா, உங்கள் வரலாற்றுத் துல்லியம் முக்கியமா என்று கேட்டோம். மருந்தை நிறுத்துவோருக்கு நோய் மீளும் வாய்ப்பு மிகுதி என்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. 1950களில் குளோர்புரோமசின் வந்த பிறகுதான், ஆயுள் முழுதும் பூட்டிய கதவுக்குள்ளே கிடந்திருக்க வேண்டிய எத்தனையோ பேர் வீடு திரும்பினார்கள். ஒரு வரிப் பொய்யால் ஓர் உயிர் பிழைத்தால் பிழைக்கட்டுமே!

சொல்லி முடித்தபின்தான் அந்தக் குரல் எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று பட்டது. 'பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்.' பொய்யைத் தடுப்பதற்கென்று சொல்லப்படும் பொய்! கடவுள் அச்சம் போய்விட்டால் மக்கள் கெட்டழிவார்கள், நரகம் இல்லையென்றால் ஒழுக்கம் இராது, ஆகவே உண்மையோ பொய்யோ, சொல்லி வைப்பது நன்மைக்கே என்று நம்மிடம் வாதாடியவர்கள் எத்தனை பேர்! பாமரனுக்கு உண்மை தாங்காது என்பதுதானே அந்த வாதத்தின் வேர்? நோயாளிக்கு உண்மை தாங்காது என்பதும் அதே வேரிலே முளைத்த கிளைதான். அதிலும் இவர் எந்த நோயாளி? தம் வரலாற்றைத் தாமே எழுதத் தெரிந்தவர். படம் வந்தபோது உயிரோடு இருந்தவர். அவர் வாயிலே அவர் செய்யாததைச் செய்ததாக ஒரு வாக்குமூலம். நோயுற்றிருந்தபோது அவர் சொல்லை ஒருவரும் நம்பவில்லை. நோய் நீங்கிய பிறகும் அவர் சொல்லைத் திரை ஏற்கவில்லை.

உண்மையையும் சொல்லி, கேட்டையும் தடுக்க வழியில்லையா? உண்டு. நாஷ் மருந்தை நிறுத்தினார், பல ஆண்டுகள் நோயோடு கிடந்தார், பின்னர் மெல்ல மீண்டார், அவரைப் போல மீளாதவர் பலர் என்று காட்டினால் எந்த நோயாளி மாத்திரையைத் தூக்கியெறிவான்? நோயின் போக்கைக் காட்டத் திரைக்கதைக்குப் பொறுமை இல்லை. ஆகவே மருந்துச்சீட்டு ஒன்றை எழுதிக் கையிலே கொடுத்துவிட்டது. பொய் வெளிப்பட்டபோது நேர்ந்தது என்ன? மருந்து வேண்டாம் என்போர், பார்த்தீர்களா, மறைத்தார்கள் என்று சொல்லத் தக்க சான்றாக அது முடிந்தது. நல்ல பொய்க்கும் ஆயுள் அவ்வளவுதான்.

மருத்துவர் சொல்லே இறுதிச் சொல் என்று கொள்ளலாமோ என்று தோழர்கள் கேட்கக் கூடும். அதற்கு விடையாக மற்றொரு படம் இருக்கிறது. அதை நம்மில் மிகச் சிலரே பார்த்திருப்பர். நியூசிலாந்து நாட்டு இயக்குநர் ஜேன் கேம்பியன் 1990இல் எடுத்த 'ஆன் ஏஞ்சல் அட் மை டேபிள்'. எழுத்தாளர் ஜேனட் ஃபிரேம் அம்மையார் மூன்று நூல்களாக எழுதிய தன்வரலாற்றிலிருந்து உருவானது. முதலில் தொலைக்காட்சித் தொடராக எண்ணி எடுக்கப்பட்டதாம்; அதனால்தானோ என்னவோ, அவசரமில்லாமல் நகர்கிறது.

ஏழை வீட்டுப் பெண். பரட்டைச் செம்முடி, சொத்தைப் பல், எவரோடும் பேசக் கூச்சம். அக்காளும் தங்கையும் வெவ்வேறு ஆண்டுகளில் நீரில் மூழ்கி இறந்தனர். ஆசிரியப் பயிற்சியிலே இருக்கிறார். வகுப்பைப் பார்வையிட ஒருவர் வந்து அமர்கிறார். கையிலே சுண்ணக்கட்டி, பலகைமுன் நிற்கிறார், எழுத ஓடவில்லை. நிற்கிறார், நிற்கிறார். பிறகு வெளியேறிவிடுகிறார். அவ்வளவுதான் காட்சி. பொய்யுருவம் இல்லை, இடிமுழக்கம் இல்லை. கெர்ரி ஃபாக்ஸ் என்ற நடிகையின் முகமும் அந்தச் சுண்ணக்கட்டியும் போதுமானவையாக இருக்கின்றன.

துயரம் மிகுந்த அந்தப் பெண்ணுக்கு மனச்சிதைவு என்று 1945இல் முத்திரை குத்தினார்கள். ஏறத்தாழ எட்டாண்டுகள் மருத்துவமனைகளுக்கு உள்ளும் புறமுமாகக் கழிந்தன. மயக்க மருந்து இல்லாமல் இருநூறு முறைக்கு மேல் மின்னதிர்ச்சி. ஒவ்வொன்றும் கொலைக்களத்துக்கு நடப்பதற்கு ஒத்த அச்சத்தைத் தந்ததாக அவர் பதிந்திருக்கிறார். (மயக்க மருந்தோடு இன்று தரப்படும் மின்சிகிச்சை வேறு, கடும் மனச்சோர்வுக்கு அது நற்பயன் தருவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பின்னர் மூளையிலே கத்தி வைக்கவும் முடிவு செய்தார்கள். அந்த அறுவை முறையைக் கண்டவருக்கு 1949இல் நோபல் பரிசே கிடைத்திருந்தது. எவர் குறுக்கே நிற்பார்? தாயாரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. அந்த நேரத்தில் ஃபிரேமின் முதல் சிறுகதைத் தொகுதிக்கு இலக்கியப் பரிசு என்ற செய்தி ஏட்டிலே வந்தது. மருத்துவமனைத் தலைவர் அதைப் படித்தார், அறுவை நின்றது. எழுத்துத் திறமை இல்லாத பெண்கள் எத்தனை பேருக்கு அது நிற்கவில்லையோ!

பின்னர் லண்டன் சென்றார். மோட்ஸ்லி மருத்துவமனையில் தாமாகச் சேர்ந்தார். அங்கே நன்கு ஆராய்ந்து, உமக்கு மனச்சிதைவு என்றைக்குமே இருந்ததில்லை என்றார்கள். கேட்டுத் துள்ளினாரா? இல்லை. இத்தனை ஆண்டு போர்த்தியிருந்த போர்வையை உருவிவிட்டாற்போல வெறுமை கொண்டார். நாஷ் எழுதியதும் ஏறக்குறைய இதுவே அல்லவா? முன்பின் அறியாத இரு மனிதர்கள், இரு கண்டங்கள், ஒரே துயரம். இதைக் கேம்பியன் காட்டினார், ஹோவர்ட் மறைத்தார்.

மருத்துவமும் தவறும், ஆயினும் தன் தவற்றை மீண்டும் ஆராய்ந்து, ஆம் தவறுதான் என்று சொல்லக் கூடியது அதுவே. எந்தப் பூசாரி வந்து, தாயே, உனக்குப் பேயே பிடிக்கவில்லை, சாட்டையால் அடித்தது என் பிழை என்று சொன்னான்?

ஃபிரேம் அடைபட்டிருந்த இடங்களுள் ஒன்று சீக்ளிஃப். அவர் அங்கே செல்வதற்கு மூன்றாண்டு முன்பு, 1942 டிசம்பர் 8 இரவு, அதன் பெண்கள் பிரிவொன்றில் தீப்பிடித்தது. கதவுகள் பூட்டியிருந்தன. 37 பெண்கள் மாண்டார்கள். இதைப் படித்தபோது நம் கை ஏட்டின்மீதே நின்றுவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோய்க் காப்பகக் கொட்டகை ஒன்று எரிந்தது. காலிலே சங்கிலி. 28 பேர் மாண்டார்கள். வழிபாட்டுத் தலத்தின் நிழலிலே கிடந்தால் நோய் தீரும் என்று நம்பி, எம்மதத்தாரும் தத்தம் உறவினரைக் கொண்டுவந்து விட்ட ஊர் அது. எழுதுகோல் காட்சி உலகை அழவைத்ததும் அதே 2001இன் இறுதியில்தான். சங்கிலி இடுவதையும், மயக்கமருந்து இல்லாத மின்னதிர்ச்சியையும் தடைசெய்து மனநலப் பராமரிப்புச் சட்டம் வர 2017ஆம் ஆண்டு ஆயிற்று.

ஆகவே, உளநோயைப் பற்றி ஒரு படம் என்ன சொல்கிறது என்பது நமக்குப் பொழுதுபோக்குப் பேச்சு அன்று. பேயை ஓட்டிய இடத்திலே தெய்வீகக் காதலைக் குடியேற்றும் படம் எத்தனை ஆஸ்கார் வாங்கினாலும், சங்கிலியின் ஒரு கண்ணியைக்கூட அது அறுக்காது. நம் மன்றங்களிலே திரையிடத் தோழர்கள் படம் கேட்டால், நாஷ் படத்தையும் காட்டலாம். ஆனால் அவர் எழுதிய அந்தச் சிறு குறிப்பை மொழிபெயர்த்துப் படித்துவிட்டுக் காட்டுங்கள். ஃபிரேம் படத்துக்கு முன்னுரை எதுவும் தேவையில்லை.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சியிலே மேடை இல்லை, பரிசு இல்லை. நியூசிலாந்துக்குத் திரும்பிய ஃபிரேம், உடன்பிறந்தாள் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்திய வண்டிவீடு ஒன்றில் தங்கியிருக்கிறார். இரவு. உள்ளே விளக்கு எரிகிறது. தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.